எந்த ஊர் வெயில்?

கட்டடக்கலைக் கல்லூரியின் டிசைன் ஸ்டுடியோவில் பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். "ஊக்கம் தர்ற மாதிரி இருக்கட்டும் சார்" என்றும் சொல்லிவிட்டார்கள். ஊக்கம் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரம் ஊக்கம் தந்துவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு கார் ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு அது வராது. எனக்கு வருவது கோபம்தான். ஓய்வு பெற்றால் அடங்கிவிடும் என்று என் மனைவி நம்பினாள். அவளும் இப்போது நம்பிக்கையை விட்டுவிட்டாள்.

நான் செய்த நல்ல காரியங்களை எல்லாம் வழியனுப்பு விழாவிலேயே மைக் வைத்துச் சொல்லி முடித்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு மாணவி கணினியில் கட்டிய அறைக்குள் சரியான வெயில் விழுந்தது. படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து அந்த வெயில் பொய் என்று தீர்ப்பு எழுதினோம். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரி கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற பக்கம், கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே இருந்தது. மூன்றாம் வருஷ ஸ்டுடியோ என்னுடையது. நான் கொடுத்த பயிற்சி 'ஒரு சொல், ஓர் அறை'. ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லை உள்ளே நுழைந்ததும் உணர்கிற மாதிரி ஓர் அறையைக் கணினியில் மாடலாகக் கட்ட வேண்டும். சமையலறை, கழிப்பறை எதுவும் வேண்டாம். கருத்து மட்டும் போதும். பிள்ளைகள் வழக்கம்போல் சுதந்திரம், மௌனம், முடிவிலி என்று பெரிய பெரிய சொற்களாக அள்ளிக்கொண்டு போனார்கள். கௌசல்யா என்ற பெண் மட்டும் 'காத்திருப்பு' என்று எழுதிக் கொடுத்தாள்.

கௌசல்யாவின் ஊர் கல்வராயன் மலையில், கரியாலூரை ஒட்டிய ஒரு சின்ன குக்கிராமம். சின்ன வயதிலிருந்தே விடுதியில் தங்கிப் படித்தவள். சொந்தமாக லேப்டாப் கிடையாது. காலையில் ஆய்வகத்தின் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பாள். "மலையிலேர்ந்து வந்த பொண்ணுக்கு இம்மா தெரியுதே, பரவால்ல" என்று என் சக ஆசிரியர் ஒருவர் அவளைப் பாராட்டுவார். அது பாராட்டு என்று அவர் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே அவள் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். மாடலுக்குள் சூரியனைப் போட்டால் நிழல் விழும் அல்லவா, அந்த நிழலைக் காட்டி, "சார், இது எந்த ஊரு வெயிலு?" என்றாள்.

அந்த மென்பொருளை வாங்கி நிறுவும்போதே அதற்குள் ஓர் ஊர் குடியிருக்கும். அதைச் செய்தவர்களின் ஊர். மாற்றாவிட்டால் அந்த ஊரின் சூரியன்தான் உங்கள் மாடலில் உதிக்கும். எங்கள் கல்லூரியில் யாரும் மாற்றியதில்லை. மாற்ற வேண்டும் என்று நானும் சொன்னதில்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் கள்ளக்குறிச்சியில் கட்டிய வீட்டுக்கும் சின்னசேலத்தில் கட்டிய சந்தைக்கும் கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஓர் ஊரின் வெயில்தான் அடித்தது. நான் அதற்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊரா இருந்தா இன்னாம்மா? நெழலு விழுதா, அத பாரு" என்றேன்.

அவள் திரும்பி உட்கார்ந்து, மென்பொருளின் ஊர்ப் பட்டியலில் தேடி, கள்ளக்குறிச்சி இல்லாததால் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கையால் அடித்துப் போட்டாள். நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன்.

அவள் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்க்கப்போகிற பிள்ளைகளில் இப்படி ஒன்று வந்தால் அடையாளம் தெரியாமல் போய்விடக் கூடாது. மற்றவர்கள் ஒரே மாடலை வைத்துக்கொண்டு அதற்கு வண்ணம் பூசி, மரம் நட்டு, குளம் வெட்டி, வானத்தில் பறவை விட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் மாடல் மேல் மாடலாகச் செய்து தனித்தனியாகச் சேமித்தாள். 'காத்திருப்பு 1', 'காத்திருப்பு 2' என்று நாற்பதைத் தாண்டிப் போனது. எல்லாம் சாம்பல் நிறப் பெட்டி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கும். சுவர் ஒரு சாண் நகர்ந்திருக்கும், இல்லாவிட்டால் கூரை ஓரடி ஏறியிருக்கும். மாற்றிவிட்டு, வருஷம் முழுக்க உச்சி வேளை வெயிலை உள்ளே ஓடவிட்டுப் பார்த்து, என்ன ஆனது என்று நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வாள்.

மாடலுக்குள் அளவு பார்க்க மென்பொருளே ஓர் ஆளைத் தரும். பேண்ட் சட்டை போட்டு, ஆறடி உயரத்தில் விறைப்பாக நிற்பான். அவள் அவனைத் தூக்கி எறிந்துவிட்டு, நாலைந்து பெட்டிகளை அடுக்கித் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைச் செய்து வைத்திருந்தாள். கேமராவும் அந்தப் பெண்ணின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்திருந்தது.

"கேமரா ஏம்மா தரையில கெடக்குது?" என்று கத்தினேன்.

"காத்துக்கினு இருக்கறவங்க நிக்க மாட்டாங்க சார். உக்காந்துடுவாங்க. உக்காந்தா கண்ணு இம்மா ஒசரந்தான்."

"சரி, ரெண்டு மரமாவது வை. இப்டி வறண்டு கெடந்தா ஜூரில எவன் பாப்பான்?"

"மரம் வெச்சா வெயிலு மறைஞ்சிடும் சார்."

ஜூரி என்றால் உங்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து உட்காருவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். டிசைனில் தவறினால் எங்கள் கல்லூரியில் மேல் வகுப்புக்குப் போக முடியாது. இன்னொரு வருஷம் அதே ஸ்டுடியோவில், தம்பி தங்கைகளோடு உட்கார வேண்டும். கௌசல்யாவின் வீட்டில் அவளை இந்த ஐந்து வருஷப் படிப்புக்கு அனுப்பியதே பெரிய பாடு. ஆறாவது வருஷம் என்று ஒன்று வந்தால் அனுப்புவார்களோ மாட்டார்களோ என்று அவளுக்கே தெரியாது. அதையும் அவள் என்னிடம் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

அவளுடைய கடைசி மாடல் இதுதான். ஒரே அறை. ஜன்னல் கிடையாது. பதினாறடி உயரம். கூரை வடக்குச் சுவரைத் தொடாமல் ஓரடி தள்ளியே நின்றுவிடும். சுவரின் நீளத்துக்கும் அந்த இடுக்கு வழியாக உச்சி வெயில் உள்ளே இறங்கும். மார்கழியில் அது சுவரின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தை, மாசி, பங்குனி என்று போகப் போக சுவரில் கீழே வரும். சித்திரையில் தரையைத் தொடும். அதன்பிறகு சுவரை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணை நோக்கி நகர ஆரம்பிக்கும். ஆனியில் மூன்றடி தூரம் வந்து, அவள் காலருகே நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பி ஆவணியில் சுவரேறிவிடும். ஒரு வருஷத்து வெயிலை ஒரு நிமிஷ வீடியோவாக ஓட்டிக் காட்டுவாள்.

நான் அதை முன்பே பார்த்திருந்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். சரியா என்று யோசிக்கவில்லை. நினைத்துப் பாருங்கள், முப்பது வருஷ அனுபவம்.

ஜூன் மாதம் ஜூரி. ப்ரொஜெக்டர் தெளிவாகத் தெரிவதற்காக எல்லாத் திரைச்சீலைகளையும் இழுத்துவிட்டு, ஏசி போட்டு, உள்ளே உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நகரத்தில் பெயர் எடுத்தவர். அவருக்குச் சின்னசேலத்தில் பிற்பகல் ரயில். மீதி இருந்த பிள்ளைகளோ ஏழெட்டுப் பேர். கௌசல்யா எழுந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் இலை போடுகிற சத்தம் கேட்டது.

நாற்பது சாம்பல் பெட்டிகளை வரிசையாகக் காட்டத் தொடங்கியதுமே அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இதெல்லாம் வேண்டாம், கடைசிக்கு வா" என்றார். அவள் வீடியோவைப் போட்டாள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரையில் நடந்தது. அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. எது வடக்கு?"

"இந்தச் செவுரு சார்."

"அப்போ வெயில் இந்தச் சுவரை விட்டு எப்படித் தரைக்கு வரும்? சூரியன் வடக்கே இருந்தாத்தான் வரும். சூரியன் என்னைக்கும்மா வடக்கே போச்சு?" அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "உள்ளே ஒரு விளக்கை ஒளிச்சு வெச்சிருக்கா. வெயில்னு கதை விடுறா."

"இல்லீங்க சார். விளக்கு எதுவும் வெக்கல. நம்ம ஊரு அட்சரேகைய போட்டேன். இப்ப உச்சில சூரியன் வடக்காலதான் இருக்குது சார்."

"வடக்கு வெளிச்சத்துல நேர் வெயில் வராதுங்கறது முதல் வருஷப் பாடம்" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். உங்க ஸ்டுடியோதானே?"

அந்த முதல் வருஷப் பாடத்தை எடுப்பவனே நான்தான். குளிர் நாடுகளில் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்து, வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, ஓவியக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் அதுதான் உகந்தது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அவள் சொல்வது நிஜமாக இருந்தால் நான் இத்தனை வருஷம் சொன்னது பாதிப் பொய். அதை ஒரு நகரத்து ஆள் முன்னால், சாப்பாட்டு நேரத்தில் யோசிக்க எனக்கு மனசு வரவில்லை.

"வடக்குல நேர் வெயில் வராதும்மா" என்றேன்.

கௌசல்யா என்னைப் பார்த்தாள். அழவில்லை. "மணி பன்னெண்டு ஆவுது சார். கதவ தொறந்துக்கினு வெளிய வந்து பாருங்க. ரெண்டு நிமிசம்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. ஒரு மாணவி ஜூரியை எழுந்து வா என்று கூப்பிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. மார்க் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே தோல்வி எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'செயற்கை விளக்கு, முறைகேடு' என்று எழுதினார். தாள் வரிசையாக நகர்ந்து வந்தது. என் சக ஆசிரியர்கள் இருவர் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கதவு எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. சூரியன் எங்கே இருக்கிறது என்று தீர்மானிக்க நாலு பேர் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். இதை நினைக்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கால் மணி கழித்து கை கழுவ வெளியே வந்தேன். முற்றத்தைத் தாண்டினால் வாசல் காவலரின் தகரக் கொட்டகை. பக்கத்து ஊர் விவசாயி அவர், எங்கள் வாசலில் பகல் வேலை. கொட்டகையின் தெற்குச் சுவரை ஒட்டி, ஒரு நாற்காலி அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் என் காலடியைப் பார்த்தேன். என் நிழல் குட்டையாக, சாலை வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சாலை வாசல் தெற்கே பார்த்தது. நிழல் தெற்கே விழுந்தால் சூரியன் வடக்கே.

"இன்னா சார், இப்டி நின்னுட்டீங்க?" என்றார்.

"நாற்காலி எப்பவும் இந்தப் பக்கந்தான் இருக்குமா?"

"எப்பவுமா? சித்திர பொறந்து பத்து நாளு ஆனா உச்சில நெழலு இந்தாண்ட வந்துடும் சார். அப்ப இங்க போட்டுக்குவேன். ஆவணி பொறந்தா அந்தாண்ட தூக்கினு பூடுவேன். வருசா வருசம் இதானே."

வருஷா வருஷம் இதுதான். நான் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் தினமும் வகுப்புக்குப் போனேன்.

திரும்பி ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். தேர்வாளர் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு சொன்னது சரி சார். நிழல் தெற்கே விழுது. ஒரு நிமிஷம் வந்து பாருங்க, மார்க்கை மாத்திடலாம்" என்றேன்.

"உட்காருங்க சார், சாப்பாடு ஆறுது."

"சார், நான் கண்ணால பாத்தேன்."

"அது உங்க ஊர் விஷயம்" என்றார். "கையெழுத்துப் போட்டாச்சு. இன்னைக்கு இவளுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வெளியே வா, வெளியே வான்னு கூப்பிடுவாங்க. ஜூரிக்கு என்ன மரியாதை?"

என் சக ஆசிரியர்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம். மார்க் பட்டியல் உறைக்குள் போகவில்லை, மேசை மேலேயே இருந்தது. அதை எடுத்து என் கையெழுத்தை அடித்திருக்கலாம். நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். அவரைச் சின்னசேலம் ஸ்டேஷன் வரைக்கும் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தேன்.

'முறைகேடு' என்ற சொல் பட்டியலில் இருந்தால் பெற்றோருக்குத் தகவல் சொல்வது அலுவலகத்தின் வழக்கம். மறுநாளே கௌசல்யாவின் வீட்டுக்குப் போன் போட்டு, உங்கள் பெண் பரீட்சையில் ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அது தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில் கரியாலூர் போனேன். அருவி பார்க்க வந்த கூட்டம் பலாப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தது. விசாரித்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை.

ஓட்டு வீடு. வாசலில் கௌசல்யாவின் அம்மா பயறு புடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார். கௌசல்யா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எம் பொண்ணு ஏமாத்திடுச்சினு போன்ல சொன்னாங்க. இன்னாத்த ஏமாத்துச்சினு கேட்டேன். வெயில ஏமாத்துச்சினு சொல்றாங்க. வெயில எப்டிங்க ஏமாத்தறது?"

அவரே எழுந்து கதவருகே போனார்.

"உள்ள வாங்க. குனிஞ்சி வாங்க, தலை இடிக்கும்."

போனேன். உள்ளே இருட்டாக இருந்தது. வடக்குச் சுவரை ஒட்டிக் கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளங்கை அளவு வெயில் வந்து, சுவரை விட்டு ஓரடிக்கும் மேல் தள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் விழுந்திருந்தது.

"இதான் எங்க வூட்டுல கெடக்குற வெயிலு. இது ஏமாத்தா?" என்றார் அந்த அம்மா. "அஞ்சாவது படிக்கசொல்ல இத ஆஸ்டல்ல சேத்தோம். இந்த வெயிலு செவுத்துலேர்ந்து எறங்கி தரைய தொட்டுச்சினா பொண்ணு லீவுக்கு வந்துடும். அடுப்பாண்ட வந்து, அதுக்கு மேல நவுராம நின்னுச்சினா திரும்ப போயிடும். ஓட்ட மாத்தறேன்னு அவங்க அப்பா எத்தினி தடவ சொன்னாரு. வேணாம்னுட்டேன். இத பாத்துக்கினுதானே உக்காந்திருந்தேன்."

பெட்டிகளை அடுக்கி அவள் செய்து வைத்திருந்த அந்தப் பெண் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேமரா ஏன் தரையில் கிடந்தது என்பதும்தான். நான் அவளிடம் மரம் வைக்கச் சொல்லியிருந்தேன்.

"என் தப்புதாம்மா. உங்க பொண்ணு செஞ்சது சரி" என்றேன்.

கௌசல்யா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அத அன்னிக்கு உள்ளயே சொல்லியிருக்கலாமே சார்."

"இத எழுதிக் குடுப்பீங்களா?" என்று அம்மா கேட்டார்.

எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எழுதவும் செய்தேன். தீர்ப்பு தவறு, கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவனான நானே சொல்கிறேன், மறு மதிப்பீடு வேண்டும் என்று இரண்டு பக்கம். கல்லூரி முதல்வர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இது பல்கலைக்கழகம் வரைக்கும் போனால் ஜூரியே சந்தேகத்துக்கு உள்ளாகும், பழைய மாணவர்கள் எல்லாம் கிளம்பி வருவார்கள், உங்களுக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது என்றார். கடைசியில் ஒரு சமாதானம் பேசினோம். 'முறைகேடு' என்ற சொல்லை எடுத்துவிடுவார்கள், தோல்வி அப்படியே இருக்கும், நான் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அந்தச் சொல்லை எடுக்க வைத்ததை ஒரு வெற்றி மாதிரி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெட்கக்கேடு. கடிதம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் வகுப்பில், அந்த மென்பொருளில் குடியிருக்கும் ஊரை வெளியே அனுப்பிவிட்டு உங்கள் ஊரைக் குடிவையுங்கள். ஜூரி நடக்கும்போது ஒரு திரைச்சீலையாவது திறந்திருக்கட்டும், படம் மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும். ஒரு பிள்ளை வெளியே வந்து பாருங்கள் என்று சொன்னால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து போங்கள். போய்ப் பார்த்து அது தவறாக இருந்தால் திட்டிக்கொள்ளலாம், அதற்கு நேரம் இருக்கிறது. உங்களிடம் யாராவது திரும்பி "நீங்க சொல்லுங்க" என்று கேட்கும்போது, தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல நாக்கைப் பழக்குங்கள். எனக்கு வராமல் போன சொல் அதுதான்.

கௌசல்யா திரும்பி வந்தாள். வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைத்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு முகம் இல்லை. திரும்பச் செய்கிறவர்கள் பழைய தலைப்பையே திருத்திக் கொடுக்கலாம் என்பது விதி. வருஷம் முழுக்க என் ஸ்டுடியோவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். என்னிடம் எதையும் காட்டவில்லை.

அடுத்த ஜூனில் மறுபடியும் ஜூரி. இந்தமுறை வேறொரு தேர்வாளர், ஓர் அம்மையார். நான் கேட்டுக்கொண்டதால் ஒரு பக்கத் திரைச்சீலை மட்டும் திறந்திருந்தது. கௌசல்யா எழுந்து வீடியோவைப் போட்டாள். அதே அறை. அதே பதினாறடி, அதே ஓரடி இடுக்கு, தரையில் உட்கார்ந்திருக்கும் அதே பெண். சுவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

வெயில் மட்டும் வேறு. சுவரின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கியது, மூன்றடி வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பி மேலே போய்விட்டது. தரைக்கு வரவே இல்லை. அந்தப் பெண் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள்.

"பிரமாதம்" என்றார் தேர்வாளர். "வெளிச்சம் வரும் வரும்னு பாக்கறோம், வரவே மாட்டேங்குது. முடிவே இல்லாத காத்திருப்பு. ரொம்ப நுட்பமா யோசிச்சிருக்கே." வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான். மார்க் பட்டியல் என்னிடம் வந்தது. அந்த வெயில் தப்பு என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஏழாவது வருஷம் ஆகும். கையெழுத்துப் போட்டேன்.

வராந்தாவில் அவளைப் பிடித்தேன். "ஏம்மா இப்டி பண்ணே?"

"பாஸ் ஆவணும் சார்" என்றாள். கோபமே இல்லாமல், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். "இது உங்க சூரியன் சார். சாப்ட்வேர்ல இருந்த ஊர மாத்தாம அப்டியே விட்டுட்டேன்."

"அப்போ அந்தப் பழைய மாடல்? அதை வெச்சிருக்கியா?"

"இருக்குது சார். போன்ல போட்டு எங்கம்மாகிட்ட காட்டுனேன். அவங்க பாத்துட்டு சரியா இருக்குதுன்னுட்டாங்க."

பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.